ஏழு நாளுக்கு ஒருமுறை வரும் இணை, முடிவுப் பட்டியலில் வராதது ஏன்?

கேள்வி: வணக்கம். 60 நாள் பரிவர்த்தனைப் பதிவுகளில் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் உருப்படித் தொகுதிகளை (சேர்ந்தே வரும் பொருள்களை) தேடுகிறேன். குறைந்தபட்ச ஆதரவை (ஒரு தொகுதி எத்தனை முறையாவது வர வேண்டும் என்னும் வரம்பை) 6 என்றும் அதிகபட்ச இடைவெளியை 7 நாள் என்றும் கொடுத்திருக்கிறேன். அ, ஆ என்னும் இரு உருப்படிகள் 5, 12, 19, 26, 33, 40, 47 ஆகிய நாள்களில் சேர்ந்தே வருவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகும், நிரல் இந்த இணையைத் தள்ளிவிடுகிறது. எங்கே தவறு?

மறுமொழி 1: நேரக்குறிக்குப் பதிலாக வரிசை எண்ணைக் கொடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். ஒரே நாளில் பல பரிவர்த்தனைகள் இருந்தால், ஏழு நாள் என்பது ஏழு வரிகளாகச் சுருங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: பார்த்துவிட்டேன், நாள் எண்தான் போகிறது.

மறுமொழி 2: அப்படியானால் நிரல் சரியாகவே வேலை செய்கிறது. 2009-இல் தன்பீர் என்னும் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இத்தகைய தொகுதிகளுக்கு முன்வைத்த வரையறையில், இரு வருகைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளோடு, தொடக்கத்திலிருந்து முதல் வருகை வரையிலும், கடைசி வருகையிலிருந்து பதிவின் முடிவு வரையிலும் உள்ள இடைவெளிகளும் சேரும். உங்கள் இணைக்கு அவை 5, பிறகு ஆறு முறை 7, கடைசியில் 60-லிருந்து 47 போக 13. 7-ஐத் தாண்டும் அந்த ஒரு 13 போதும், இணை விழுந்துவிடும்.

மறுமொழி 3: அதிகபட்ச இடைவெளியை 13 ஆக்கிவிட்டால் வந்துவிடுமே.

மறுமொழி 2: வரும், அதோடு ஒழுங்கே இல்லாத தொகுதிகளும் கூட்டமாக வரும். அதைவிட, இரு வருகைகளுக்கு நடுவே 7 நாளுக்குள் அடங்கும் இடைவெளிகள் எத்தனை என்று மட்டும் எண்ணும் பகுதிச் சீர்மை முறை நல்லது; அதில் இந்த இணைக்கு 6 கிடைக்கும். ஆனால், என்னைக் கேட்டால், முறையை மாற்றுவதற்கு முன் 47-ஆம் நாளுக்குப் பின் இந்த இணை ஏன் நின்றது என்றுதான் பார்ப்பேன். ஆறு வாரம் தவறாமல் வந்தது சும்மா நிற்காது.

கேள்வி கேட்டவர்: மிக்க நன்றி ஐயா. 50-ஆம் நாளிலிருந்து ஆ-வின் குறியீட்டெண்ணை மாற்றியிருக்கிறார்கள். பழைய எண்ணும் புதிய எண்ணும் இரு வேறு உருப்படிகளாகவே பதிவில் கிடந்தன. இரண்டையும் ஒன்றாக்கியதும் 54-ஆம் நாள் வருகை வெளிப்பட்டது. கடைசி இடைவெளி 6 ஆனது. பழைய அமைப்பிலேயே, எதையும் தளர்த்தாமல், இணை பட்டியலில் வந்துவிட்டது. மற்ற உருப்படிகளின் எண்களையும் இப்போது ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன்.