குப்பம் 1989 – 2024: சந்திரபாபு நாயுடுவின் மெஜாரிட்டியை எப்படிப் படிப்பது?

சாந்திபுரம்வாசி கேட்டது:

ஆந்திராவின் குப்பம் தொகுதியில் சந்திரபாபு நாயுடுவின் தேர்தல் கணக்கைத் தமிழில் ஒரு பக்க அட்டவணையாகப் போட வேண்டியிருக்கு. படிக்கப் போறவங்க குப்பம், குடுபல்லி, ராமகுப்பம், சாந்திபுரம் மண்டலங்களில் இருக்கிற தமிழ்க்காரங்க. தெலுங்கு எழுத்து எல்லாருக்கும் ஓடாது.

தேடிப் பார்த்தால் கணக்கு உதைக்குது. ஒரு இடத்தில் 8 முறை எம்.எல்.ஏ., இன்னொரு இடத்தில் 9. "1978-லிருந்து தோற்றதே இல்லை"ன்னு ஒருத்தர் எழுதறார். முதல்வர் ஆனது 3 தடவைன்னும் இருக்கு, 4 தடவைன்னும் இருக்கு. அதோடு இன்னொண்ணு: 2014-ல் மெஜாரிட்டி 47,121, 2024-ல் 48,006. அப்போ 2014-ஐ விட 2024-ல் பலம் கூடிச்சுன்னு எழுதலாமா?

கவுண்டின்யக்காடு:

8, 9 ரெண்டும் சரி. எதை எண்ணறாங்கன்னு சொல்லாம விட்டதுதான் குழப்பம். குப்பத்தில் 1989, 1994, 1999, 2004, 2009, 2014, 2019, 2024: ஆக 8. அதுக்கு முன்னாடி 1978-ல் சந்திரகிரியில் இந்திரா காங்கிரஸ் சார்பில் ஜெயிச்சது ஒண்ணு. சட்டமன்றத்துக்குப் போனது மொத்தம் 9 முறை.

"தோற்றதே இல்லை" தப்பு. 1983-ல் அதே சந்திரகிரியில் காங்கிரஸ் வேட்பாளரா நின்னு தெலுங்கு தேசத்தின் மேடசானி வெங்கட்ராம நாயுடுவிடம் தோற்றார். மாமனார் என்.டி.ஆர். ஆரம்பிச்ச கட்சியிடம்தான் தோல்வி. அதுக்கப்புறம்தான் அந்தக் கட்சிக்கே வந்தார். 1985-ல் நிற்கவே இல்லை. ஆக 1983 முதல் 1989 வரை எம்.எல்.ஏ. கிடையாது. "தொடர்ந்து"ன்னு எழுதினால் 1989-லிருந்துதான் தொடங்கணும்.

முதல்வர் கணக்கும் இதே மாதிரிதான். பதவி ஏற்றது 4 முறை: 1995, 1999, 2014, 2024. 1995 செப்டம்பர் 1-ல் ஏற்றது கட்சிக்குள் நடந்த மாற்றத்தால், பொதுத் தேர்தலால் இல்லை. தேர்தலில் கட்சியை ஜெயிக்க வைத்து முதல்வரானது 3 முறை. அட்டவணையில் ரெண்டுக்கும் தனித்தனி கட்டம் போடுங்க.

பாலாற்றங்கரை:

மெஜாரிட்டி கேள்விக்கு வர்றேன். 2004-ஐத் தவிர மத்ததுக்கு முதல் ரெண்டு பேர் வாங்கின ஓட்டு இதோ:

1989: 50,098 – 43,180. மெஜாரிட்டி 6,918
1994: 81,210 – 24,622. மெஜாரிட்டி 56,588
1999: 93,288 – 27,601. மெஜாரிட்டி 65,687
2009: 89,952 – 43,886. மெஜாரிட்டி 46,066
2014: 1,02,952 – 55,831. மெஜாரிட்டி 47,121
2019: 1,00,146 – 69,424. மெஜாரிட்டி 30,722
2024: 1,21,929 – 73,923. மெஜாரிட்டி 48,006

2004-ல் மெஜாரிட்டி 59 ஆயிரத்துக்கு மேல். மாநிலத்தில் கட்சி 47 இடத்துக்குச் சுருங்கின வருஷம் அது.

இப்போ 2014-ஐயும் 2024-ஐயும் பக்கத்தில் வையுங்க. மெஜாரிட்டி 885 கூடியிருக்கு. ஆனா ரெண்டு பேர் ஓட்டையும் கூட்டினால் 2014-ல் 1,58,783, 2024-ல் 1,95,852. கல்லாப்பெட்டி பெருசாயிடுச்சு, அதில் இவர் பங்கு 64.8 சதவீதத்திலிருந்து 62.3-க்கு இறங்கிடுச்சு. அதனால் "பலம் கூடிச்சு"ன்னு எழுத முடியாது. 2019-ன் 59.1-லிருந்து ஏறிச்சுன்னு எழுதலாம்.

இதே கணக்கில் 1994-ல் 76.7, 1999-ல் 77.2, 2009-ல் 67.2. உச்சம் 1999-தான். எண்ணிக்கையில் அதிக ஓட்டு 2024-ல், பங்கில் அதிகம் 1999-ல். ஒரே வரியில் ரெண்டையும் கலந்து "வரலாறு காணாத"ன்னு போஸ்டர்காரங்க எழுதுவாங்க. நீங்க எழுதாதீங்க.

கவுண்டின்யக்காடு:

கணக்கு சரி, ஆனா ஒரு எச்சரிக்கை. முதல் ரெண்டு பேரை மட்டும் எடுத்தால் மூணாவது, நாலாவது ஆள் வாங்கினதும் நோட்டாவும் காணாம போயிடும். 2009-ல் நடிகர் சிரஞ்சீவியின் பிரஜா ராஜ்யம் கட்சி வந்து மாநிலமே மும்முனைப் போட்டியா இருந்துச்சு. நோட்டா பொத்தான் இங்கே 2014 தேர்தலில்தான் முதல்ல வந்தது. அதனால் "முதல் இருவருக்குள் பங்கு"ன்னு தலைப்பிலேயே போடுங்க. வெறும் "ஓட்டு சதவீதம்"னு போட்டால் தேர்தல் ஆணைய அறிக்கையோடு ஒத்துப்போகாது, உடனே யாராவது சண்டைக்கு வருவாங்க.

2004-க்கும் 2009-க்கும் நடுவில் ஒரு கோடும் போடுங்க. 2009 தொகுதி மறுவரையறைக்கு (தொகுதி எல்லைகளை மாத்தி வரைஞ்சதுக்கு) பின் நடந்த முதல் தேர்தல். மெஜாரிட்டி குறைஞ்சதை அப்படியே மனமாற்றம்னு வாசிக்கக் கூடாது.

சாந்திபுரம்வாசி:

ரொம்ப நன்றி. ஆணையத்தின் 2014 அறிக்கையில் குப்பத்தைத் தேடினால் 175-ம் எண்ணில் வேற ஊர் வருதே?

பாலாற்றங்கரை:

எல்லாரும் மாட்டிக்கிற இடம் அது. 2014 ஓட்டுப்பதிவு மே மாசம், மாநிலம் பிரிஞ்சது ஜூன் 2. அதனால் அந்த அறிக்கை 294 தொகுதிக்கானது, அதில் குப்பம் கடைசி, எண் 294. தெலங்கானாவின் 119-ஐக் கழிச்சால் 175. 2019-லும் 2024-லும் அந்த எண்தான். 2009-லும் 294. அதுக்கு முந்தைய அறிக்கைகளில் வரிசையே வேற, எண்ணை நம்பாம தொகுதிப் பெயரை வச்சுத் தேடுங்க. வேட்பாளர் பெயரை வச்சும் தேடாதீங்க: ஒரு அறிக்கையில் நாராங்கிற குடும்பப் பெயர் முழுசா இருக்கும், ஒண்ணில் முதலெழுத்து மட்டும், சந்திர தனியா பாபு தனியா கூட இருக்கும்.

(அப்போ ஆளுங்கட்சியா இருந்த ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 2024-க்கு முன்னாடி "ஒய் நாட் 175"ன்னு கத்தினப்போ அவங்க சொன்னது மொத்த இடங்களை. குப்பத்துக்காரங்க காதில் அது தொகுதி எண்ணாகவே விழுந்துச்சு.)

ராமகுப்பம் மேடு:

2019-ல் ஏன் இறங்கிச்சுன்னு ஒரு குறிப்பு சேர்த்தால் நல்லது. ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 2014-லும் 2019-லும் நிறுத்தினது ஓய்வு பெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சந்திரமௌலி, 2024-ல் அவர் மகன் பரத். ரெண்டு பேரும் வன்னியகுல க்ஷத்திரியர். இங்கே அந்தச் சமூகத்து ஓட்டு அதிகம்னு தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மாநிலத்தில் தெலுங்கு தேசம் 23 இடத்தோடு நின்ன வருஷத்தில் அதையும் தாண்டி 30,722-ல் ஜெயிச்சதைச் சின்ன விஷயம்னு தள்ள முடியாது.

2021 உள்ளாட்சித் தேர்தலையும் சேர்க்கப் போறீங்களா? குப்பம் நகராட்சியின் 25 வார்டில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 19, தெலுங்கு தேசம் 6. இதை விட்டால் 2024-ன் பரபரப்பு புரியாது.

கவுண்டின்யக்காடு:

சேர்க்கலாம், ஆனா ஒரே அட்டவணையில் வேண்டாம். நகராட்சி கட்சிச் சின்னத்தில் நடந்தது, அதை ஒப்பிடலாம். பஞ்சாயத்துத் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. யார் யாருடைய ஆள்னு கட்சிகள் சொல்றதுதான் கணக்கு. மண்டல, ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) தேர்தலை 2021 ஏப்ரலில் தெலுங்கு தேசம் புறக்கணிச்சது. ஆனா மனு தாக்கல் முந்தின வருஷமே முடிஞ்சிருந்ததால் அவங்க சைக்கிள் சின்னம் ஓட்டுச்சீட்டில் இருந்துச்சு. அந்த எண்களை எடுத்துப் போட்டு "சரிவு"ன்னு எழுதறது தப்பு.

சாந்திபுரம்வாசி:

கடைசியா ஒண்ணு. 2024 ஏப்ரல் 19-ல் மனு தாக்கல் செய்தது அவர் மனைவி புவனேஸ்வரி. வேட்பாளர் வராமலே மனு செல்லுமா? வாசகர்கள் கேட்பாங்க.

பாலாற்றங்கரை:

செல்லும். வேட்பாளர் இல்லைன்னா முன்மொழிபவர் கொண்டுபோய்க் கொடுக்கலாம், காலை 11-லிருந்து மதியம் 3-க்குள். அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு முன்மொழிபவர் ஒருத்தர் போதும், சுயேச்சைக்கு 10 பேர், எல்லாரும் அதே தொகுதி வாக்காளரா இருக்கணும். டெபாசிட் பொதுப் பிரிவுக்கு 10,000 ரூபாய். உறுதிமொழி மட்டும் வேட்பாளரே எடுக்கணும், அதுவும் பரிசீலனை நாளுக்கு முன்னாடி.

வேட்பாளரின் ஓட்டு குப்பத்தில் இருக்கணும்னும் அவசியம் இல்லை. மாநிலத்தில் ஏதாவது ஒரு தொகுதிப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், அந்தப் பட்டியலின் சான்றிட்ட நகலை மனுவோடு கொடுக்கணும், இல்லைன்னா பரிசீலனை நேரத்திலாவது காட்டணும். எல்லைக்கு அந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓட்டு வச்சிருக்கிறவங்க இங்கே நிற்க முடியாது. இங்கேயும் அங்கேயும் ரெண்டு இடத்தில் பெயர் வச்சிருக்கிறதும் சட்டப்படி தப்பு. இந்தப் பக்கம் குடிவந்துட்டீங்கன்னா படிவம் 8 கொடுத்து மாத்திக்கோங்க.