தோழியின் ஸ்டோரி எல்லாம் பார்க்கிறேன், போனில் பேச ஒன்றுமில்லை. உங்களுக்கும் இப்படியா?

நீலத்தும்பி:
கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவள். இப்போது ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறோம். அவள் வீடு மாறியது, மகனுக்குப் பல் முளைத்தது, முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது எல்லாம் இன்ஸ்டாகிராமிலேயே பார்த்தாயிற்று. அவளும் என் ஸ்டோரி ஒன்றைக்கூட விடுவதில்லை. போன வாரம் ரொம்ப நாள் கழித்துப் பேசினோம். "புது வீடு எப்படி இருக்கு?" என்றேன். "அதான் போட்டோ பார்த்தியே" என்றாள். அப்புறம் இருவருமே சும்மா இருந்தோம். சண்டை எதுவும் இல்லை. அவள் வேலையை விட்டதுகூட லிங்க்டின் படத்தைச் சுற்றியிருந்த 'வேலை தேடுகிறேன்' என்ற பச்சை வளையத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. இது வயதாவதால் வருவதா, இல்லை இந்த ஆப்களால் வருவதா?

கணக்குப்புலி:
ஆப்களின் மேல் பழி போடுவதற்கு முன் ஒன்று. ராபின் டன்பார் என்ற பிரிட்டிஷ் மானுடவியலாளர், ஒருவரால் சுமார் 150 பேரோடுதான் உறவை உயிரோடு வைத்திருக்க முடியும் என்கிறார். (இந்த எண்ணை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.) அதிலும் மிக நெருக்கமானவர்கள் 5 பேர்தான். ஃபேஸ்புக் 5000 நண்பர்கள் வரை அனுமதிக்கிறது. ஆனால் 2016-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஒரு நெருக்கடி வந்தால் யாரை நம்புவீர்கள் என்று கேட்டதற்கு மக்கள் சராசரியாகச் சொன்னது 4 பேரைத்தான். உள்வட்டம் பெருகவில்லை, அவ்வளவுதான். உங்கள் தோழி அந்த வட்டத்திலிருந்து மெல்ல வெளியே போயிருக்கலாம். ஆப் இல்லாத காலத்திலும் அது நடந்ததுதானே?

அரைத்தூக்கம்:
புலி, வெளியே போனவள் ஏன் ஒரு ஸ்டோரி விடாமல் பார்க்கிறாள்? எத்தனை பேர் என்பதை விட, அவர்களுக்குள் என்ன போய்வருகிறது என்பதுதான் இங்கே விஷயம். மொய்ரா பர்க், ராபர்ட் கிராட் இருவரும் 2016-இல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது. நெருங்கியவர் நமக்கென்று எழுதும் வார்த்தைகளுக்கும் நம் மனநலம் மேம்படுவதற்கும் தொடர்பு தெரிந்தது. வெறும் லைக்குக்கும், எல்லோருக்குமாகப் போட்ட பதிவைப் படிப்பதற்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. (பர்க் ஃபேஸ்புக்கிலேயே வேலை பார்த்தவர், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

ஸ்டோரி என்பது மாமியார், மேலாளர், பழைய காதலர் எல்லோரும் பார்க்கலாம் என்று கழுவித் துடைத்துப் போடுவது. தும்பி, அந்தப் பச்சை வளையம் வேலை கொடுப்பவர்களுக்கானது. ஏன் வேலையை விட்டாள் என்பது அதில் இருக்காது. அதைக் கேட்க வேண்டிய ஆள் நீங்கள். ஆனால் செய்தி முன்பே தெரிந்துவிட்டதால் கேட்கத் தோன்றவில்லை.

என் நண்பன் ஒருவனை, அவன் போடுவது என் கண்ணில் படாதபடி, மியூட் செய்து வைத்திருக்கிறேன். பிடிக்காமல் இல்லை, ரொம்பப் பிடிக்கும் என்பதால்தான். "ஏரிக்குப் போனேனே, பார்க்கலையா?" என்றான். "இல்லடா, நீயே சொல்லு" என்றேன். போகும் வழியெல்லாம் தம்பியோடு சொத்துச் சண்டையாம், திரும்பும்போது இருவரும் வேறு வேறு பஸ்ஸில் வந்தார்களாம். அப்புறம் போட்டோவைப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்!

மௌனமொழி:
எனக்குக் காது கேட்காது. 'போனில் பேசுங்கள்' என்று யாராவது சொன்னால் அது எனக்கு உதவாது. என் மிக நெருங்கிய தோழி சாட்டில் கிடைத்தவள், இதுவரை நேரில் பார்த்ததில்லை. பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்த்துக்கொண்டா நட்பானார்கள்?

அரைத்தூக்கம்:
உங்கள் சாட்டை நான் குறை சொல்லவே இல்லை, அது ஒருவருக்கென்று எழுதுவதுதானே. ஆனால் பிசிராந்தையார், சோழன் உயிர்விடத் துணிந்தபோது வந்து சேர்ந்தாரே!

மௌனமொழி:
என் தோழியும் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறாள் சார். உயிர்விட இல்லை, ஊர் சுற்ற.

நீலத்தும்பி:
மியூட் செய்தால் அவளுக்குத் தெரியவருமா?

அரைத்தூக்கம்:
இன்ஸ்டாகிராம் சொல்லாது. ஆனால் ஸ்டோரி பார்த்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வராமல் போனால் அவள் கவனிப்பாள். அதனால் முதலிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.