மாட்ரிட்டிலிருந்து டொலேடோ: நண்பர்களோடு போக ரயிலா, பஸ்ஸா?

வழிப்போக்கன்:
சனிக்கிழமை நாங்கள் ஐந்து பேர் ஸ்பெயினில் மாட்ரிட்டிலிருந்து பழைய கோட்டை நகரான டொலேடோவுக்குப் போகிறோம். பஸ்ஸில் போனால் செலவு குறையும் என்று எங்களில் இரண்டு பேர் பிடிவாதம் பிடிக்கிறார்கள். என் கட்சி ரயில்தான். மாட்ரிட்டின் அட்டோச்சா ரயில் நிலையத்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தேன்சிட்டு:
பஸ். அவாந்த் என்னும் அந்த அதிவேக ரயிலில் டிக்கெட் எடுத்தால் அந்த வண்டி, அந்த இருக்கை என்று முடிவாகிவிடும், ஐந்து பேரில் ஒருவர் தூங்கிவிட்டால் மற்ற நான்கு பேருக்கும் டென்ஷன். மாட்ரிட்டின் பிளாசா எலிப்டிகா பஸ் நிலையத்திலிருந்து பஸ் அடிக்கடி கிளம்புகிறது, ஒன்று போனால் அடுத்தது. ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகட்டுமே, பேசிக்கொண்டுதானே போகப்போகிறீர்கள்? அப்புறம் டொலேடோ ஒரு குன்றின் மேல் இருக்கும் ஊர். பஸ் நிலையத்துக்குக் கிட்டத்திலேயே மேலே ஏற நகரும் படிக்கட்டு இருக்கிறது. ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெயிலில் ஏற்றம் ஏறியாக வேண்டும்.

வழிப்போக்கன்:
அந்த நடைக்காகவே ரயிலில் போகலாம் என்பேன். நிலையமே பார்க்க வேண்டிய கட்டடம், 1919இல் திறந்தது, முதேகர் என்னும், இஸ்லாமியக் கலைச் சாயல் கொண்ட பழைய ஸ்பானியக் கட்டடப் பாணியைப் பின்பற்றி வளைவுகளும் வண்ண ஓடுகளுமாகக் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து நடந்து அல்காந்தரா பாலத்துக்கு வந்தால் கீழே தாஹோ ஆறு, எதிரே மதில், மேலே அல்காசர் கோட்டை. மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடும் இந்தக் குன்றை ஏன் கோட்டை நகராக்கினார்கள் என்பது அந்தப் பாலத்தில் நின்றாலே புரிந்துவிடும். படிக்கட்டில் ஏறிப் போகிறவர்களுக்கு இது கிடைக்காது.

நெடுவழி:
எதில் போவது என்று அடித்துக்கொள்கிறீர்கள், என்றைக்குத் திரும்புவது என்று யாரும் கேட்கவில்லை. 1226இல் தொடங்கி இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் கட்டிய கதீட்ரல், சாந்தோ தோமே தேவாலயத்தில் எல் கிரேக்கோ வரைந்த ‘ஓர்காஸ் பிரபுவின் அடக்கம்’, 14ஆம் நூற்றாண்டு டிரான்சிதோ யூத ஆலயம். 1492இல் யூதர்களை ஸ்பெயினிலிருந்தே துரத்திய பிறகு அந்த ஆலயம் தேவாலயமானது, இப்போது செஃபார்டிய யூதர்களின், அதாவது ஸ்பெயின் வழி யூதர்களின், அருங்காட்சியகம். அதற்குள் நிதானமாக நிற்காமல் படம் எடுத்துவிட்டு ஓடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஓர் இரவு தங்குங்கள். பகல் கூட்டம் மாட்ரிட் திரும்பிய பிறகுதான் அந்தச் சந்துகளில் நிம்மதியாக நடக்க முடியும்.

தேன்சிட்டு:
சனிக்கிழமை அறை வாடகை ஐந்து பேருக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். ரயில் என்றாலே வசதி என்ற நினைப்பையும் விடுங்கள். மாட்ரிட்டிலிருந்து போகிற இன்னொரு ஊரான செகோவியாவில் அதிவேக ரயில் நிற்கும் கியோமார் நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே இறங்கி டவுன் பஸ் பிடித்தால்தான் ரோமானிய நீர்ப்பாலத்துக்கே வர முடியும். மாட்ரிட்டின் மோன்க்ளோவா பஸ் நிலையத்தில் பஸ் ஏறிச் செகோவியா போகிறவர்கள் நீர்ப்பாலத்துக்கு நடந்தே போய்விடலாம்.

வழிப்போக்கன்:
செகோவியாவுக்குச் சரி, நானும் பஸ்தான் சொல்வேன். டொலேடோவில் இறங்கினால் நடக்கிற தூரத்தில் ஊர், அதனால் அந்தக் கணக்கு இங்கே பொருந்தாது. தங்க முடியாது, ஞாயிறு இரண்டு பேருக்கு வேலை. காலை வண்டியில் போய், கூட்டம் சேர்வதற்குள் சாந்தோ தோமே, பிறகு டிரான்சிதோ, மதியத்துக்கு மேல் கதீட்ரல். வாள் கடைகளுக்கு நேரமில்லை.

நெடுவழி:
அப்படியானால் திரும்பும் டிக்கெட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள், வார இறுதி மாலை வண்டிகள் நிரம்பிவிடும். கதீட்ரலை மட்டும் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளாதீர்கள்.