செங்காந்தள் வளர்த்த கதை: காய்ந்துவிட்டது என்று பையைக் கொட்டிவிடாதீர்கள்

மாடிக்காரி, மதுரை:
முதல் கிழங்கை நானேதான் கொன்றேன். வேலியோரம் தோண்டி எடுத்து வந்த பெரியப்பா, "பார்த்துப் பிடிம்மா, பொசுக்குன்னு ஒடியும்" என்று சொல்லித்தான் கொடுத்தார். கலப்பை மாதிரி இரண்டு கை விரித்த கிழங்கு. ஒரு நுனி தோண்டும்போதே போயிருந்தது. தொட்டிக்குள் அடங்கவில்லையே என்று லேசாக அழுத்தினேன், மிச்சமிருந்த நுனியும் போச்சு. முளை வருவது அந்த நுனியில்தான். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. அது தெரியாமல் இரண்டு மாதம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

அடுத்த வருடம் அகலமான பை, செம்மண், மணல், கொஞ்சம் தொழுஉரம். கிழங்கைப் படுக்கவைத்து இரண்டு அங்குலம் மூடினேன். ஆடியில் முளைத்தது. இலை நுனியே சுருண்டு கொக்கியாகிவிடுகிறது. கொடியில் காய்ந்த அம்மாவின் சேலையைக்கூட விடவில்லை! ஐப்பசியில் முதல் பூ. பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுக்க நெருப்பு.

தையில் கொடி காய்ந்தது. தண்ணீரை நிறுத்திப் பையை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவைத்தேன். ஈரம் இருந்தால் கிழங்கு அழுகிவிடும். மாசியில் கத்திரி வைக்கலாம் என்று அம்மா அந்தப் பையைக் கொட்டிவிட்டார். நான் வந்து பார்த்தால், சமையல்மேடையில் ஒரு தட்டில் கழுவித் துடைத்த கிழங்கு இரண்டு. "சர்க்கரைவள்ளி போட்டிருந்தியா, சொல்லவே இல்லையே?" எனக்குக் கை நடுங்கிவிட்டது. செடி முழுக்க விஷம், கிழங்கில் ரொம்பவே அதிகம். தின்றால் உயிர் போகும். இப்போது பையில் சிவப்புப் பெயின்டில் எழுதிவைத்திருக்கிறேன். பழைய கிழங்கு சுருங்கிப்போய்ப் புதுசு இரண்டு விட்டிருந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது.

காட்டுவழி, மூலனூர்ப் பக்கம்:
அக்கா, எங்கள் பக்கம் இதற்குக் கண்வலிக்கிழங்கு என்று பெயர், வேலிச்செடி இல்லை, பணப்பயிர். விதைக்காகப் போடுகிறோம், கோல்ச்சிசின் என்ற மருந்துப்பொருள் அதில்தான் எடுக்கிறார்கள். மகரந்தம் வாங்கும் சூல்தண்டு பூவுக்கு வெளியே பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகப் போய்ச் சேருவது குறைவு. அதனால் வெயில் ஏறுமுன் ஒவ்வொரு பூவாகக் கையால் தொட்டுவிட வேண்டும். எங்கள் அம்மாவுக்கு அந்த மாதங்களில் இடுப்புவலி நிச்சயம். உங்களுக்கு விதை வேண்டுமென்றால் நீங்களும் குனியத்தான் வேண்டும். விதையிலிருந்து வளர்க்க மட்டும் ஆசைப்படாதீர்கள், எங்கள் வீட்டில் முதல் பூ பார்க்க மூன்று வருடமாகிவிட்டது.

பனங்கூடல், யாழ்ப்பாணம்:
எங்களுக்கு இது கார்த்திகைப்பூ. மழை தொடங்கினால் வேலியெல்லாம் தானாக வரும், ஒருவரும் பராமரிப்பதில்லை. வீட்டில் வைத்த கொடிக்குத்தான் புழு வந்தது: கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி. இரண்டே இரவில் தண்டு மட்டும் மிச்சம். இப்ப காலையில் ஈர்க்கால் தட்டி எடுக்கிறேன். அது சரி அக்கா, அந்தக் கிழங்கு வைத்த தட்டை என்ன செய்தீர்கள்?

மாடிக்காரி:
அதே பைக்கு அடியில் தண்ணீர் வடியும் தட்டாகிவிட்டது. அம்மா இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார், நல்ல எவர்சில்வர் தட்டாம்.