மகளின் இணைய நேரம்: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வணக்கம். மகளுக்கு 11 வயது. அவள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்தும் செயலி) போட்டு, இரவு 9 மணிக்குப் பூட்டிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன். போன் பூட்டியதும் லேப்டாப்புக்குப் போய்விடுகிறாள். ஆபாசத் தளங்களைத் தடுக்க, ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைத் தேடித் தரும் சேவை) முகவரியை, கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் 1.1.1.3 என்று மாற்றிவிட்டேன். ஆனால் யூடியூபுக்குள் ஓடும் ஒவ்வொரு வீடியோவையும் அது பிரித்துப் பார்க்காதே! அங்கேதான் எனக்குப் பயம்.

போன வாரம் எதையோ பார்த்துவிட்டு இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை. என்னவென்று இன்னும் சொல்லவில்லை. திட்டுவேன் என்று நினைக்கிறாள் போல. அதுதான் மனதை அறுக்கிறது.

விண்டோஸ் லேப்டாப்பில் நேரக் கட்டுப்பாடு வைத்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? அப்புறம், பிள்ளை தானாக வந்து சொல்லும்படி பேச்சை எப்படி ஆரம்பித்தீர்கள்? இது எனக்கு அவசரமாகத் தேவை.