7805 ஐசி கடுமையாகச் சூடாகிறது

கேள்வி (சோமனூர்):
வணக்கம். எங்கள் விசைத்தறியில் நெய்த மீட்டரை எண்ணிக் காட்டும் சர்க்யூட் ஒன்றைச் செய்திருக்கிறேன். 24 வோல்ட் டிசி சப்ளையிலிருந்து 7805 என்ற வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி வழியாக 5 வோல்ட் எடுக்கிறேன். டிஸ்பிளேயும் சேர்த்து 300 மில்லி ஆம்பியர் இழுக்கிறது. சிறிது நேரத்தில் ஐசி தொட முடியாதபடி சுட்டு, டிஸ்பிளே அணைந்துவிடுகிறது. ஐசி பழுதா?

பதில் (பீளமேடு):
பழுதில்லை, ஐயா. 7805 மிகுதியான 19 வோல்ட்டை வெப்பமாகவே கழிக்கிறது, 19-ஐ 0.3 ஆல் பெருக்கினால் 5.7 வாட். ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாத அந்த ஐசி உறையில் வாட்டுக்கு ஏறத்தாழ 65 டிகிரி வெப்பம் ஏறும் என்பதால், ஐசி தன்னைக் காத்துக்கொள்ள உள்ளேயே அணைந்துகொள்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிலைமை இன்னும் மோசமாகும்.

பதில் (ஈரோடு):
7805-க்குப் பதிலாக, வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் போடுங்கள். அது விநாடிக்கு 1,50,000 முறை சப்ளையை இணைத்துத் துண்டித்து, காயிலில் ஆற்றலைச் சேமித்துத் தருவதால், 80 விழுக்காட்டுத் திறனில் இழப்பு 0.4 வாட்டுக்குள் அடங்கும். போர்டை இணைக்கும் முன் மல்ட்டிமீட்டர் வைத்து அதன் வெளியீட்டை 5 வோல்ட்டுக்குத் திருகிக்கொள்வது மிக முக்கியம். இதை மறந்தால் மைக்ரோகன்ட்ரோலர் கருகிவிடும்.

கேள்வி (சோமனூர்):
மிக்க நன்றி. அந்தச் சுவிட்சிங் இரைச்சல் சென்சாரைக் குழப்பாதா?

பதில் (பீளமேடு):
குழப்பினால் பக் கன்வெர்ட்டரை 8 வோல்ட்டில் வைத்து, அதன் பின் உங்கள் 7805-ஐயே போடுங்கள். அப்போது அதில் 0.9 வாட்தான் வீணாகும். சிறு ஹீட்சிங்க் போதும்.