காங்கா முழவும் வரிசை ஆட்டமும்: ஓர் ஐயம்

தாளப்பிரியன் (கேள்வி):
மெல்லிசைக் குழுக்களில் தும்பா முழவுடன் சேர்த்துத் தாங்கியில் நிறுத்தி, வெறுங்கையால் வாசிக்கப்படும் காங்கா கியூபாவிலிருந்து வந்தது என்பது தெரிந்ததே. அதே பெயரில், முன்னால் செல்பவரின் இடுப்பைப் பற்றிக்கொண்டு நீண்ட வரிசையாக ஆடும் விருந்து நடனம் ஒன்றையும் பழைய அமெரிக்கத் திரைப்படங்களில் காண்கிறோம். முக்கால் மீட்டர் உயரமுள்ள கருவியைச் சுமந்துகொண்டு எவரும் ஊர்வலம் போயிருக்க முடியுமா? அந்த நடனம் கியூபாவில் பிறந்ததா, அமெரிக்க விடுதிகளில் உருவாக்கப்பட்டதா?

பறைமேளம்:
மேடைக் கருவியும் தெருக் கருவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, ஆனால் ஒன்றல்ல. கியூபர்கள் தும்பதோரா என்று அழைக்கும் மேடைக் கருவி, பீப்பாயைப் போலவே வளைத்த மரப்பலகைகளை இணைத்துச் செய்யப்படுவது. காங்கோப் பகுதியிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் மக்கூத்தா, யூக்கா முழவுகளே அதன் முன்னோடிகள். தொடக்கத்தில் தோலை ஆணியால் அறைந்து, சுருதி இறங்கும்போதெல்லாம் நெருப்பில் காட்டி ஏற்றினார்கள். திருகி முடுக்கும் இரும்பு வளையங்கள் 1950களை ஒட்டித்தான் பரவின. ரும்பா என்னும் கியூப ஆடல் இசையில் தாழ்ந்த குரலுடைய முழவுகள் அடித்தாளத்தைத் தாங்க, மிகச் சிறியதான கிந்தோ ஆடுபவரின் அசைவுக்கு ஏற்பத் துள்ளி விளையாடும்.

சாந்தியாகோ தே கூபா நகரின் ஜூலைத் திருவிழாவில் நடந்தபடி வாசிக்கப்படுவது பொக்கூ என்னும் ஒடுங்கிய நீண்ட முழவு. அதைத் தோளில் வாரால் மாட்டிக்கொள்வார்கள். அதனுடன் பெரிய முரசுகளும், பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய பிரேக் டிரம்களும் ஒலிக்க, எல்லாவற்றுக்கும் மேலாகச் சீனக் குடியேறிகள் கொண்டுவந்த நாதசுரம் போன்ற ஊதுகருவி வீறிடும். அந்த ஊர்வலத்துக்கே காங்கா என்றுதான் பெயர்.

நூலகத்து மூலை:
நடனத்தைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கு, இரண்டு இடங்களுக்கும் பங்கு உண்டு என்பதே விடை. தெருவில் முழவுகளைப் பின்தொடர்ந்து பெருங்கூட்டம் அசைந்து செல்வதுதான் மூலம். ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மேசைகளுக்கிடையே வளைந்து போகும் ஒழுங்கான வரிசை, 1930களின் இறுதியில் மயாமி, நியூயார்க் கேளிக்கை விடுதிகளில் புகழ்பெற்றது. அதற்குப் பெரிதும் காரணமானவர், முழவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறிய கியூப இசைக்கலைஞர் தேசி அர்னாஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவருடைய தந்தை சாந்தியாகோவின் மேயராக இருந்தவர். 1920களில் தெருக் காங்காக்களைத் தடைசெய்தவரும் அவரே. அநாகரிகம், ஒழுங்கீனம் என்று அன்றைய மேட்டுக்குடியினர் காரணம் சொன்னார்கள். கறுப்பின மக்கள் முழவோடு தெருவில் திரள்வதைக் கண்ட அச்சமே அதற்குப் பின்னால் இருந்தது என்பது என் கருத்து. 1933ஆம் ஆண்டுப் புரட்சியில் அக்குடும்பம் செல்வாக்கை இழந்து மயாமிக்குச் சென்றது. தந்தை தடுத்ததை வைத்தே மகன் அங்கே பெயர் பெற்றார்.

தாளப்பிரியன்:
இருவருக்கும் நன்றி. விடுதி நடனத்தில் மூன்று அடி நடந்து நான்காவதில் காலை வெளியே உதைக்கிறார்களே, அதுவும் தெருவிலிருந்து வந்ததா?

பறைமேளம்:
அந்த உதை நான்காவது அடியின் மேல் சரியாக விழுவதில்லை, அதற்குச் சற்று முன்பே விழுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். தாளம் தொடங்குமுன்பே பாட்டை எடுக்கும் அதீத எடுப்பில் பழகிய காதுக்கு இந்த முந்தல் உடனே பிடிபடும். சாந்தியாகோவில் பாதத்தைத் தரையிலிருந்து அதிகம் எடுக்காமல் இழுத்து நடப்பதே வழக்கம். நெருக்கியடிக்கும் கூட்டத்தில் உதைப்பதற்கு இடம் ஏது? முழவுகள் கொடுக்கும் அந்த முந்திய அழுத்தத்தை விருந்தினர்களும் எளிதில் பிடித்துக்கொள்வதற்கு உதை ஒரு நல்ல உத்தியாக அமைந்தது என்றே நான் கருதுகிறேன்.